கேலஸ் வளர்ப்பு

கேலஸ் வளர்ப்பு என்பது ஒரு தாவரத்தின் இலை, தண்டு, வேர், விதையிலை போன்ற ஏதேனும் ஒரு பகுதியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட சிறு துண்டை, நுண்ணுயிர்கள் அற்ற சூழலில், ஊட்டப் பொருள்களும் தாவர ஹார்மோன்களும் கலந்த ஊடகத்தின் மீது வைத்து, அதிலிருந்து ஒழுங்கான உருவம் இல்லாத உயிரணுத் திரளை உண்டாக்கிப் பேணும் முறையாகும். இது தாவரத் திசு வளர்ப்பின் (இழைய வளர்ப்பு) முதன்மையான பிரிவுகளுள் ஒன்று. இவ்வாறு உண்டாகும் உயிரணுத் திரள் கேலஸ் எனப்படுகிறது.

ஒரு சிறு இலைத் துண்டிலிருந்து ஏராளமான செடிகளைப் பெறவும், வேரையோ பட்டையையோ சிதைக்காமல் மருந்துப் பொருள்களைப் பெறவும், மரபணு மாற்றம் செய்யவும் கேலஸ் பயன்படுகிறது. எனினும் கேலஸ் வழியாக வரும் செடிகள் அனைத்தும் தாய்ச்செடியை ஒத்திருக்கும் என்று உறுதி கூற இயலாது. எனவே எந்தத் தேவைக்குக் கேலஸைப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாகாது என்பது இத்துறையின் அடிப்படைக் கேள்வியாகும்.

பெயர்

இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்குத் தடித்த தோல் என்று பொருள். மரத்தின் பட்டையில் வெட்டுக்காயம் ஏற்பட்டால், சில வாரங்களில் அதன் விளிம்பில் வெளிறிய, மென்மையான சதை போன்ற வளர்ச்சி தோன்றிக் காயத்தை மூடுவதைக் காணலாம். பதியன், ஒட்டுக்கட்டுதல் ஆகியவற்றிலும் வெட்டுவாயில் இதே வளர்ச்சி உண்டாகிறது. இயற்கையில் காயத்தை மூடியதும் நின்றுவிடும் இவ்வளர்ச்சியை, ஆய்வகத்தில் ஊட்டமும் ஹார்மோனும் கொடுத்து நிற்காமல் தொடரச் செய்வதே கேலஸ் வளர்ப்பு ஆகும்.

வரலாறு

1902 ஆம் ஆண்டில் ஆஸ்திரியத் தாவரவியலாளர் கோட்லீப் ஹேபர்லாண்ட், தனித்துப் பிரிக்கப்பட்ட தாவர உயிரணுக்களை ஊட்டக் கரைசலில் வளர்க்க முயன்றார். அவ்வுயிரணுக்கள் சிறிது காலம் உயிரோடு இருந்தனவே அன்றிப் பிளவுறவில்லை. தாவர ஹார்மோன்கள் அப்போது அறியப்பட்டிருக்கவில்லை. 1930களில் ஆக்சின் என்ற ஹார்மோன் இனங்காணப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. 1939 ஆம் ஆண்டில் பிரான்சில் ரோஜர் கோதெரே, பியர் நோபெகூர் ஆகியோர் கேரட்டிலும், அமெரிக்காவில் பிலிப் ஒயிட் கலப்பினப் புகையிலையிலும், தனித்தனியே, முடிவின்றித் தொடரக்கூடிய கேலஸ் வளர்ப்பை அடைந்தனர்.

1941 இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருக்களை வளர்க்க இளநீரைப் பயன்படுத்தினர். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் தேங்காய்ப் பால் என்று குறிப்பிடப்படுவது சமையலுக்குப் பிழியும் பால் அன்று; காயினுள் இருக்கும் நீரே ஆகும். அதில் சைட்டோகைனின் வகையைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. 1955 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோக் ஸ்கூக், கார்லோஸ் மில்லர் ஆகியோரை உள்ளடக்கிய குழு, ஹெர்ரிங் மீனின் விந்தணு டி.என்.ஏ.விலிருந்து கைனெட்டின் என்ற முதல் சைட்டோகைனினைப் பிரித்தெடுத்தது. 1957 இல் ஸ்கூக்கும் மில்லரும் ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய இரண்டின் விகிதமே வேரா, குருத்தா, கேலஸா என்பதைத் தீர்மானிக்கிறது எனப் புகையிலையில் காட்டினர். 1958 ஐ ஒட்டி ஃபிரடெரிக் ஸ்டூவர்ட், யாகோப் ரைனர்ட் ஆகியோர் கேரட் உயிரணுக்களிலிருந்து கருக்களைப் போன்ற அமைப்புகளைப் பெற்றனர். 1962 இல் தோஷியோ முராசிகேயும் ஸ்கூக்கும் வெளியிட்ட ஊடகம் இன்றளவும் மிகுதியாகப் பயன்படுவதாகும்.

இந்தியாவில் 1964 ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா, சதீஷ் சந்திர மகேஷ்வரி ஆகிய இருவரும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்த்து, ஒற்றைத் தொகுதி நிறப்புரிகள் கொண்ட கருக்களைப் பெற்றது உலக அளவில் குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பாகும்.

அடிப்படைத் தத்துவம்

தாவரத்தின் உயிருள்ள உயிரணு ஒவ்வொன்றும் முழுத் தாவரத்தையும் உருவாக்கத் தேவையான மரபுச் செய்தியைக் கொண்டுள்ளது. இப்பண்பு முழுஆக்குத்திறன் எனப்படும். இலையில் உள்ள உயிரணு இலைக்குரிய பணியை மட்டும் செய்வதற்குக் காரணம், பிற பணிகளுக்கான மரபணுக்கள் அதில் இல்லாமை அன்று. அவை இயங்காதிருத்தலே ஆகும்.

வெட்டுக் காயமும் ஹார்மோன்களும் சேரும்போது, முதிர்ந்த உயிரணு தன் சிறப்புப் பணியைக் கைவிட்டு மீண்டும் பிளவுறும் நிலைக்குத் திரும்புகிறது. இது வேறுபாடிழத்தல் எனப்படும். இவ்வாறு பிளவுற்றுப் பெருகிய திரளே கேலஸ். ஹார்மோன் அளவுகளை மாற்றும்போது கேலஸ் உயிரணுக்கள் வேராகவோ குருத்தாகவோ கருவாகவோ உருப்பெறுகின்றன. இது மறுவேறுபாடடைதல் எனப்படும். எல்லாத் தாவரங்களும் இதற்கு ஒரே அளவில் இணங்குவதில்லை. புகையிலை, கேரட் ஆகியவை எளிதில் இணங்குபவை. மரங்களும் தானியப் பயிர்களும் பொதுவாகக் கடினமானவை.

வளர்ப்பு ஊடகங்கள்

ஊடகம் என்பது மண்ணும் இலையும் சேர்ந்து செடிக்குத் தருவன அனைத்தையும் ஈடுசெய்ய வேண்டும். கேலஸ் பெரும்பாலும் ஒளிச்சேர்க்கை செய்யாது. எனவே சர்க்கரையையும் ஊடகத்திலேயே சேர்க்க வேண்டியுள்ளது. ஒரு இலிட்டர் முராசிகே – ஸ்கூக் ஊடகத்தின் முக்கியக் கூறுகள் வருமாறு:

* அம்மோனியம் நைட்ரேட் – 1650 மில்லிகிராம்
* பொட்டாசியம் நைட்ரேட் – 1900 மில்லிகிராம்
* கால்சியம் குளோரைடு (இரு நீரேற்றம்) – 440 மில்லிகிராம்
* மக்னீசியம் சல்பேட்டு (ஏழு நீரேற்றம்) – 370 மில்லிகிராம்
* பொட்டாசியம் இருஹைட்ரஜன் பாஸ்பேட்டு – 170 மில்லிகிராம்
* இரும்புச் சல்பேட்டு (ஏழு நீரேற்றம்) – 27.8 மில்லிகிராம், இதனைக் கரைந்த நிலையில் வைத்திருக்க இ.டி.டி.ஏ. உப்பு – 37.3 மில்லிகிராம்
* மையோ-இனோசிட்டால் – 100 மில்லிகிராம்
* சுக்ரோஸ் (சர்க்கரை) – 30 கிராம்

இவற்றுடன் போரான், மாங்கனீசு, துத்தநாகம், அயோடின், மாலிப்டினம், செம்பு, கோபால்ட் ஆகிய நுண்ணூட்டங்களும், தயமின், நிக்கோட்டினிக் அமிலம், பிரிடாக்சின், கிளைசின் ஆகியவையும் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகின்றன. செம்பு உப்பின் அளவு இலிட்டருக்கு 0.025 மில்லிகிராம் மட்டுமே. ஊடகத்தைக் கெட்டியாக்க இலிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம் அகர் சேர்க்கப்படும். நோன்புக் காலத்தில் இல்லங்களில் செய்யப்படும் கடற்பாசி இனிப்பின் மூலப்பொருளும் இதுவே.

பிற ஊடகங்கள் சில:

* ஒயிட் ஊடகம்: உப்புகள் மிகக் குறைந்தது. வேர் வளர்ப்புக்காக வகுக்கப்பட்டது.
* பி5 ஊடகம்: 1968 இல் கேம்போர்க் குழுவினர் சோயா உயிரணுக்களுக்காக வகுத்தது. அம்மோனியம் குறைவு, தயமின் மிகுதி (இலிட்டருக்கு 10 மில்லிகிராம்).
* என்6 ஊடகம்: 1975 இல் சீனாவில் நெல்லின் மகரந்தப்பை வளர்ப்புக்காக உருவாக்கப்பட்டது.
* மரத்தாவர ஊடகம்: லாயிட், மெக்கௌன் ஆகியோர் உருவாக்கியது. இதில் அம்மோனியம் நைட்ரேட் 400 மில்லிகிராம் மட்டுமே.

இவ்வூடகங்களுக்கு இடையிலான பெரிய வேறுபாடு நைட்ரஜன் எந்த வடிவில், எவ்வளவு தரப்படுகிறது என்பதாகும். ஒரு செடிக்கு முராசிகே – ஸ்கூக் ஊடகத்தில் திசு பழுப்பேறி இறந்தால், அதே ஊடகத்தின் உப்புகளைப் பாதியாகக் குறைத்தோ உப்புக் குறைந்த வேறு ஊடகத்திலோ முயல்வது வழக்கம்.

ஹார்மோன்களும் வளர்ச்சி ஒழுங்குபடுத்திகளும்

ஆக்சின்கள்: கேலஸைத் தூண்டுவதில் மிகவும் வலிமையானது 2,4-டி (2,4-இருகுளோரோபீனாக்சி அசிட்டிக் அமிலம்) ஆகும். இதே பொருள் மிகுந்த அளவில் தெளிக்கப்படும்போது அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் களைக்கொல்லியாகச் செயல்படுகிறது. ஊடகத்தில் இதன் அளவு பொதுவாக இலிட்டருக்கு 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை. என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்), ஐ.பி.ஏ. (இண்டோல் பியூட்டிரிக் அமிலம்), பிக்லோராம் ஆகியவை பிற ஆக்சின்கள். இயற்கை ஆக்சினாகிய ஐ.ஏ.ஏ. வெப்பத்தாலும் ஒளியாலும் எளிதில் சிதைவதால் வடிகட்டி நுண்ணுயிர் நீக்கிச் சேர்ப்பது நல்லது.

சைட்டோகைனின்கள்: கைனெட்டின், பி.ஏ.பி. (பென்சைல் அமினோபியூரின்), சியேட்டின், தைடையசுரான் ஆகியவை. ஆக்சினுடன் சிறிதளவு சேர்த்தால் கேலஸின் வளர்ச்சி விரைவாகும். மிகுதியாகச் சேர்த்தால் குருத்துகள் தோன்றும்.

ஸ்கூக் – மில்லர் கண்ட விதியைச் சுருக்கமாகக் கூறினால்: ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் குருத்து, இரண்டும் இடைப்பட்ட விகிதத்தில் இருந்தால் கேலஸ். இது பொதுவிதியே அன்றி எல்லாச் செடிகளுக்கும் பொருந்துவது அன்று. ஏனெனில் திசுவினுள் ஏற்கெனவே உள்ள ஹார்மோன்களின் அளவும் முடிவைப் பாதிக்கிறது. ஒரே செடியின் இளந்தளிரும் முதிர்ந்த இலையும் ஒரே ஊடகத்தில் வெவ்வேறாக நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

செய்முறை

1. ஊடகத்தைக் கலந்து, அதன் பி.எச். அளவை 5.7 – 5.8 ஆகச் சரிசெய்து, அகர் சேர்த்துக் குழாய்களில் ஊற்றிப் பஞ்சால் அடைக்க வேண்டும்.
2. அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியசில் 15 முதல் 20 நிமிடம் வைத்து நுண்ணுயிர் நீக்க வேண்டும். பள்ளி ஆய்வகங்களில் வீட்டுப் பிரஷர் குக்கரும் இதற்குப் பயன்படுத்தப்படுவது உண்டு.
3. செடியிலிருந்து எடுத்த பகுதியை (பிரிகூறு) ஓடும் நீரில் நன்கு கழுவி, 70 விழுக்காடு எத்தனாலில் அரை முதல் ஒரு நிமிடம் நனைத்து, பின்னர் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் சில நிமிடங்கள் வைத்து, நுண்ணுயிர் நீக்கிய நீரில் மூன்று முதல் ஐந்து முறை அலச வேண்டும். பல ஆய்வகங்களில் 0.1 விழுக்காடு மெர்க்குரிக் குளோரைடு பயன்படுத்தப்படுகிறது. இது கொடிய நச்சு, கழிவுநீரில் கொட்டலாகாது. மாணவர்கள் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.
4. தூய காற்று வீசும் மேடையில், சுடரில் காட்டிய கத்தியால் பிரிகூறைச் சிறு துண்டுகளாக்கி ஊடகத்தின் மேல் வைக்க வேண்டும்.
5. ஏறத்தாழ 25 பாகை செல்சியசில், இருளிலோ மங்கிய ஒளியிலோ வைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வெட்டுவாயில் கேலஸ் தோன்றும்.
6. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கேலஸின் ஒரு பகுதியைப் புதிய ஊடகத்திற்கு மாற்ற வேண்டும். மாற்றத் தவறினால் ஊட்டம் தீர்ந்து, கழிவுகள் சேர்ந்து திசு இறக்கும்.

ஊடகத்தையும் ஹார்மோன் அளவையும் தேர்ந்தெடுத்தல்

புதிய தாவரம் ஒன்றுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைக் கணித்துக் கூறும் சூத்திரம் எதுவும் இல்லை. எனவே அளவுகளை அணியாக அமைத்துச் சோதிப்பதே வழி. எடுத்துக்காட்டாக, 2,4-டி இலிட்டருக்கு 0, 0.5, 1, 2, 4 மில்லிகிராம் என ஐந்து அளவுகளும், கைனெட்டின் 0, 0.5, 1 மில்லிகிராம் என மூன்று அளவுகளும் எடுத்துக்கொண்டால் 15 சேர்க்கைகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் 10 குழாய்கள் என்றால் 150 குழாய்கள். குழாய்க்கு 15 மில்லிலிட்டர் வீதம் 2.25 இலிட்டர் ஊடகம் தேவை. இரண்டு ஊடகங்களை ஒப்பிட வேண்டுமெனில் இவை அனைத்தும் இருமடங்காகும். ஹார்மோன் ஏதும் சேர்க்காத குழாய்களைக் கட்டாயம் வைக்க வேண்டும். அவை இன்றேல் தோன்றிய கேலஸ் ஹார்மோனால் தோன்றியதா என்று கூற இயலாது.

ஒரு மில்லிகிராமின் பகுதிகளைத் தராசில் துல்லியமாக நிறுப்பது கடினம் என்பதால் இருப்புக் கரைசல் தயாரிக்கப்படுகிறது. 100 மில்லிகிராம் 2,4-டியைச் சிறிதளவு எத்தனாலில் கரைத்து, நீரால் 100 மில்லிலிட்டராக்கினால், ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கும். இலிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமெனில் 2 மில்லிலிட்டர் சேர்த்தால் போதும். ஆய்வுக் கட்டுரைகளில் அளவுகள் சில இடங்களில் மில்லிகிராமிலும் சில இடங்களில் மைக்ரோமோலாரிலும் தரப்படுகின்றன. 2,4-டியின் மூலக்கூற்று நிறை 221 ஆதலால் இலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ 4.5 மைக்ரோமோலார் ஆகும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அளவு நான்கு மடங்குக்கு மேல் பிறழும்.

கேலஸின் வகைகளும் சிக்கல்களும்

கையால் தொட்டால் உதிரும் தன்மையுடையது உதிரும் கேலஸ். இது நீர்ம ஊடகத்தில் இட்டுக் குலுக்கி உயிரணுத் தொங்கல் வளர்ப்பு செய்ய ஏற்றது. இறுகிய, பச்சை நிறமுடைய கேலஸ் குருத்துகளை உண்டாக்கப் பெரும்பாலும் ஏற்றது. வெளிர் மஞ்சள் நிறத்தில் சிறுசிறு மணிகளாகத் தோன்றுவது பெரும்பாலும் கருவாக்கக் கேலஸ் ஆகும்.

பூஞ்சை, பாக்டீரியாத் தொற்று முதல் சிக்கல். காட்டிலிருந்து, குறிப்பாக மழைக்காலத்தில், எடுக்கப்படும் பிரிகூறுகளில் இது மிகுதி. வெட்டுவாயில் பீனால் பொருள்கள் கசிந்து திசு பழுப்பேறுதல் இரண்டாவது சிக்கல். இதற்கு அஸ்கார்பிக் அமிலம், செயலூட்டப்பட்ட கரி ஆகியவை சேர்க்கப்படுகின்றன. ஆனால் கரி ஹார்மோன்களையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தாய்ச்செடியிலிருந்து மாறுபடுதல்

கேலஸ் வழியாக வரும் செடிகளில் மரபு மாற்றங்கள் தோன்றுவது உடல நகல் வேறுபாடு எனப்படும். 1981 இல் லார்க்கின், ஸ்கௌக்ராஃப்ட் ஆகியோர் இப்பெயரை வழங்கினர். நிறப்புரி எண்ணிக்கை மாறுதல், மரபணுக்கள் இடம்பெயர்தல், மரபணு இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மீத்தைல் குறிகள் அழிதல் ஆகியவை இதன் காரணங்கள். கேலஸ் நிலையில் கழியும் காலம் கூடக்கூட வேறுபாடும் கூடுகிறது.

இதன் விளைவை எண்ணெய்ப் பனையில் காணலாம். கேலஸ் வழியாக உருவாக்கப்பட்ட எண்ணெய்ப் பனைக் கன்றுகள் நலமாகவே வளர்ந்தன. ஆனால் நட்டுச் சில ஆண்டுகள் கழித்துக் காய்க்கத் தொடங்கியபோது, அவற்றுள் ஒரு பகுதி மரங்களில் பூவும் காயும் உருக்குலைந்து எண்ணெய் விளைச்சல் வீணானது. கர்மா என்ற பெயருடைய இடம்பெயரும் மரபணுக்கூறு ஒன்றில் மீத்தைல் குறிகள் இழக்கப்பட்டதே இதற்குக் காரணம் என 2015 இல் கண்டறியப்பட்டது. கன்று நிலையில் கண்ணுக்குப் புலப்படாத பிழை, உழவரின் நிலத்தில் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படக்கூடும் என்பதே இதன் படிப்பினை.

இக்காரணத்தால் விற்பனைக்குரிய திசு வளர்ப்பு வாழைக்கன்றுகள் கேலஸ் வழியாக அன்றி, குருத்து நுனியிலிருந்து நேரடியாகப் பெருக்கப்படுகின்றன. இந்தியாவில் திசு வளர்ப்புக் கன்றுகளின் தரத்தைச் சான்றளிக்க உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 இல் தேசியச் சான்றளிப்பு முறையை ஏற்படுத்தியது.

பயன்கள்

* மருந்துப் பொருள்கள்: 1980களில் சப்பானில் சிக்கோனின் என்ற சிவப்புச் சாயப் பொருள் உயிரணு வளர்ப்பு மூலம் வணிக அளவில் பெறப்பட்டது. புற்றுநோய் மருந்தாகிய பாக்ளிடாக்செல் யூ மரத்தின் உயிரணு வளர்ப்பிலிருந்து பெறப்படுகிறது. காஷே நோய்க்கான நொதி மருந்து ஒன்று கேரட் உயிரணுக்களில் தயாரிக்கப்பட்டு 2012 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.
* மரபணு மாற்றம்: கருவாக்கக் கேலஸும் தொங்கல் வளர்ப்பும் மரபணுவைச் செலுத்த ஏற்றவை. இரசுதாளி வாழையில் இம்முறை பற்றிய ஆய்வு 2001 இல் வெளியானது.
* பயிர் மேம்பாடு: உடல நகல் வேறுபாட்டையே பயன்படுத்தி, உப்பு, நோய் ஆகியவற்றைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்தல்.

கொல்லிமலையும் கேலஸ் வளர்ப்பும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்த கொல்லிமலை, நாடு எனப்படும் ஊர்த்தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் திண்ணனூர் நாடு ஒன்று. மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்குச் சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி, மிளகு, காப்பி, வாழை, பலா ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். மூலிகைகளுக்கும் இம்மலை பெயர் பெற்றது. கேலஸ் வளர்ப்பின் பயனும் வரம்பும் இத்தகைய மலைப்பகுதியின் தாவரங்களைக் கொண்டு தெளிவாக விளங்கும்.

மரவள்ளி: தண்டுக் கரணைகளால் பெருக்கப்படுவதால் தேமல் நோய்க்குரிய வைரசு ஒரு பயிரிலிருந்து அடுத்த பயிருக்குக் கரணை வழியாகவே செல்கிறது. வைரசு நீக்கிய செடியைப் பெற ஆக்குத்திசு நுனி வளர்ப்பே ஏற்றது. அதற்குக் கேலஸ் தேவையில்லை. மரபணு ஆய்வுக்கோ உதிரும் கருவாக்கக் கேலஸ் தேவை. 1996 இல் வெளியான ஆய்வு, பிக்லோராம் சேர்த்த கிரெஸ்ஹாஃப் – டாய் ஊடகத்தில் மரவள்ளித் திசு இத்தகைய கேலஸாக மாறுவதைக் காட்டியது. ஹார்மோன் மட்டுமன்றி அடிப்படை உப்புகளின் கலவையும் கேலஸின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று.

மாகாளிக் கிழங்கு: கிழக்குத் தொடர்ச்சி மலை உள்ளிட்ட தென்னிந்திய மலைகளுக்கே உரிய கொடி. ஊறுகாய்க்காகவும் மருந்துக்காகவும் இதன் வேர் தோண்டப்படுகிறது; வேரைத் தோண்டினால் கொடி மடிகிறது. அழிவின் விளிம்பை நெருங்கும் இக்கொடியின் இலைக் கேலஸிலிருந்து உடலக் கருக்களையும் முழுச் செடிகளையும் பெற்ற ஆய்வை 2004 இல் மைசூர் நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இதற்கு வேரைத் தொட வேண்டியதில்லை. சில இலைகள் போதும். எனினும் வேரின் மணத்துக்குக் காரணமான, வனிலினின் மாற்றியமாகிய பொருள் வேரிலேயே மிகுதியாகச் சேர்கிறது. வேருக்குரிய பொருள்கள் உருவமற்ற கேலஸில் குறைவாகவே உண்டாவது பொதுவான அனுபவம். ஆகவே இத்தகைய தாவரங்களில் கேலஸின் முதன்மைப் பயன், நட்டு வளர்க்கக் கன்றுகள் தருவதே ஆகும்.

முடவாட்டுக்கால்: கொல்லிமலைக்கு வருவோர் வாங்கிச் செல்லும் இக்கிழங்கு, பாறைகளிலும் மரங்களிலும் படரும் ஒரு பெரணியின் மட்டத்தண்டு ஆகும். பெரணிகள் சிதல்விதைகளால் பெருகுவதால், சிதல்விதைகளை வளர்த்தே கன்றுகளைப் பெறலாம். எளிய வழி இருக்கும்போது கேலஸை நாடத் தேவையில்லை.

ஓரிடத்துத் தாவரத்தை ஆய்வகத்தில் பெருக்குவதால் மட்டும் அது காக்கப்பட்டுவிடாது. ஒரே இலையிலிருந்து வந்த ஆயிரம் கன்றுகளும் ஏறக்குறைய ஒரே மரபுடையவை. ஒரே நோய்க்கு அனைத்தும் ஆட்படக்கூடும். எனவே பல தாய்ச்செடிகளிலிருந்து பிரிகூறு எடுப்பதும், காட்டில் உள்ள செடிகளைப் பேணுவதும் உடன் நடைபெற வேண்டும்.

சட்டம்

இந்தியாவின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் (2002), உயிரியல் வளங்களையும் அவை பற்றிய மரபறிவையும் பயன்படுத்துவதால் கிடைக்கும் நன்மையை உரியவர்களுடன் நியாயமாகப் பகிர்ந்துகொள்ள வழிவகுக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் உயிரியற் பல்வகைமை மேலாண்மைக் குழுக்களை அமைக்கவும் இச்சட்டம் கூறுகிறது. கேலஸ் வளர்ப்பில் இது தனிச் சிறப்புடைய கேள்வியாகும். ஒருமுறை எடுத்துச் செல்லப்பட்ட சில இலைகளைக் கொண்டே பல ஆண்டுகள் ஆய்வகத்தில் உயிரணுக்களைப் பெருக்க இயலும். அதன்பின் அத்தாவரத்தை அறிந்து காத்துவந்த மக்களிடம் மீண்டும் வர வேண்டிய தேவை எழாது.

இவற்றையும் பார்க்க

* தாவரத் திசு வளர்ப்பு
* ஆக்சின்
* சைட்டோகைனின்
* முழுஆக்குத்திறன்
* கொல்லிமலை